ஈஃபிள் டவரைக் கண்டுகொள்ளாத கேமராக்காரர்!

பாரிஸ் போய்விட்டு வந்தவர்கள் யாருடைய செல்போனையாவது வாங்கிப் பாருங்க. பகலில் ஈஃபிள் டவர், ராத்திரி லைட் போட்ட ஈஃபிள் டவர், அதன் உச்சியை விரலால் பிடிப்பது மாதிரி ஒண்ணு. தப்பில்லை. அவ்வளவு செலவு பண்ணிப் போய் அதை எடுக்காமல் வர மனசு வருமா? ஆனால், அதே ஊரில் சுமார் முப்பது வருஷம் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த ஒருத்தர், அந்த டவரைப் பெரிசாகக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பெயர் யூஜின் அட்ஜே. பாரிஸ் டிக்கெட் போடுவதற்கு முன்னாடி இவர் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

1857-ல், போர்தோவுக்குப் பக்கத்தில் லிபூர்ன் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இருவரும் போய்விட, தாத்தா பாட்டி வளர்த்தார்கள். கொஞ்ச காலம் கப்பல் வேலை. மனசெல்லாம் நாடகம். பாரிஸ் வந்து நடிப்புப் பள்ளியில் முட்டிமோதி, இரண்டாவது முயற்சியில்தான் இடம் கிடைத்தது. கட்டாய ராணுவ சேவை குறுக்கே வர, படிப்பு பாதியில் நின்றது. அப்புறம் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சில்லறை வேடங்கள். அங்கே கிடைத்த ஒரே நல்ல விஷயம் வாலன்டீன். அவரும் நடிகை. கடைசிவரை துணையாக இருந்தார்.

1887-ல் தொண்டையில் நோய் வந்து குரல் கெட்டது. முப்பது வயசில் நடிப்புக்கும் முழுக்கு. ஓவியம் வரைந்து பார்த்தார், அதுவும் சரிவரவில்லை. அதற்கப்புறம்தான் கேமரா. கலைஞன் ஆகணும் என்றெல்லாம் இல்லைங்க, பிழைப்புக்கு. ஓவியர்களுக்கு மாதிரி பார்த்து வரைய மரம், செடி, கட்டட வேலைப்பாடு எனப் படங்கள் தேவைப்பட்டன. அதை விற்கிறேன் என்று வாசலில் போர்டு மாட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் பாரிஸும் மாறிக்கொண்டிருந்தது. அவர் பிறப்பதற்குச் சற்று முன்னாடியே ஓஸ்மான் என்ற அதிகாரி, பழைய சந்துகளை இடித்துத் தள்ளி அகலமான சாலைகளைப் போட ஆரம்பித்திருந்தார். இன்றைக்கு நாம் வாயைப் பிளந்து பார்க்கும் பாரிஸ் பெரும்பாலும் அந்த இடிபாட்டின் மேல் எழுந்ததுதான். மிச்சமிருந்த பழசும் போய்விடுமோ என்ற கவலை ஊருக்குள் பரவ, 1897-ல் பழைய பாரிஸைக் காக்க ஒரு கமிஷனே போட்டார்கள். அட்ஜேவும் அந்தச் சமயத்தில்தான் பழைய தெருக்கள் பக்கம் திரும்பினார். நூலகங்களும் மியூசியங்களும் வாங்கும் என்ற கணக்கும் இருந்தது.

அவர் எப்படி வேலை செய்தார் என்பதைத்தான் நீங்க முக்கியமாகக் கவனிக்கணும். மரப்பெட்டி கேமரா, 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டுகள், ஸ்டாண்டு. எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 20 கிலோ. விடியற்காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் வருவதற்குள் கிளம்பிவிடுவார். லென்ஸை ரொம்ப நேரம் திறந்து வைக்கவேண்டிய காலம் என்பதால், குறுக்கே யாராவது நடந்தால் படத்தில் புகை மாதிரி ஒரு நிழல் மட்டும் நிற்கும். கதவைத் தட்டும் வளையம், படிக்கட்டுக் கைப்பிடி, கடை போர்டு, முற்றம், தெருவில் விற்றுப் பிழைப்பவர்கள், குப்பை பொறுக்குபவர்கள் என எதையும் விடவில்லை. 1910 வாக்கில் பாரிஸ் வீடுகளின் உள்பக்கம் என்று ஓர் ஆல்பம் செய்தார். அதில் ஒரு நாடகக் கலைஞரின் வீடு என்று வேறு எழுத்துகளைப் போட்டு, தன் சொந்த வீட்டையே சேர்த்துவிட்டார். பழைய நடிகர் ஆச்சே, குறும்பு போகுமா?

முதல் உலகப் போரில் வாலன்டீனின் மகன் செத்துப்போனான். அட்ஜே படம் எடுப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, கண்ணாடித் தட்டுகளை நிலவறையில் பத்திரப்படுத்தினார். 1920-ல், 2,621 நெகட்டிவ்களை 10,000 ஃபிராங்குக்கு அரசுக்கு விற்றார். அது அவர் உழைப்புக்குக் கிடைத்த விலைதானா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இல்லை. ஆனால், அந்தக் காசு அவருக்கு ஒரு சுதந்திரத்தைக் கொடுத்தது. அதன் பிறகு அவர் எடுத்தது பெரும்பாலும் தனக்குப் பிடித்ததை மட்டும். கடைக் கண்ணாடியில் பொம்மைகளோடு கலந்து தெரியும் தெரு, ஆளில்லாத சோ பூங்கா, மூடுபனிக் காலை. என் கண்ணுக்கு அவருடைய ஆகச்சிறந்த படங்கள் இவைதான், அறுபது வயசுக்கு மேல் எடுத்தவை.

அதே தெருவில் குடியிருந்த மேன் ரே என்ற அமெரிக்கக் கலைஞர், 1926-ல் அட்ஜேயின் ஒரு படத்தைத் தங்கள் குழுவின் பத்திரிகை அட்டையில் போட்டார். 1912-ல் சூரிய கிரகணத்தன்று பஸ்டீல் சதுக்கத்தில் எடுத்தது. வானத்தை அல்ல, அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தை எடுத்திருந்தார் மனுஷன். பெயர் மட்டும் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன்னுடையவை வெறும் ஆவணங்கள்தான் என்பது அவர் எண்ணம்.

அந்த வருஷமே வாலன்டீன் இறந்தார். மறுவருஷம், மேன் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரனிஸ் அபாட் என்ற இளம்பெண், அட்ஜேவை உட்காரவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்களைக் காட்டலாம் என்று ஆசையாக வீடு தேடிப் போனால், வாசலில் போர்டு இல்லை. 1927 ஆகஸ்ட் 4-ல் அட்ஜே இறந்திருந்தார்.

அபாட் அதோடு விட்டிருந்தால் மிச்சப் படங்கள் என்னவாகியிருக்குமோ! ஆள் தேடி, பணம் புரட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களையும் ஆயிரக்கணக்கான பிரின்ட்டுகளையும் வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். நாற்பது வருஷம் கட்டிக்காத்த பிறகு, 1968-ல் நியூயார்க்கின் நவீன கலை மியூசியம் அவற்றை வாங்கியது.

நீங்க பாரிஸ் போனால், மாரே பகுதியில் உள்ள கார்னவாலே மியூசியத்துக்கு ஒரு நடை போங்க. அட்ஜேயிடம் படம் வாங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. பாரிஸ் மியூசியங்களின் இணையதளத்தில் அவர் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாலெட் தெருமுனையிலிருந்து அவர் 1925 மார்ச் மாதக் காலையில் எடுத்த பாந்தியான் படத்தையும் தேடிப் பாருங்க. கறுத்த சுவர்களுக்கு நடுவே, பனியில் கரைந்து நிற்கும் அந்தக் கோபுரம். தெரு இன்னும் அங்கேதான் இருக்கு. அலாரம் மட்டும் சீக்கிரமா வெச்சுக்கோங்க.