ஒல்காட் கண்ட ஊரூர்

அடையாறு கடலிலே கலக்கும் இடத்துக்குத் தெற்கே, எலியட்ஸ் கடற்கரையின் வடகோடியிலே, வலை உலரும் மணலையொட்டி ஒரு மீனவர் வாழிடம் இருக்கிறது. ஊரூர் ஒல்காட் குப்பம் என்று அதற்குப் பெயர். ஊரூர் நம்முடைய பெயர், பழைய பெயர். ஒல்காட் என்பதோ கடல் கடந்து, அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சியிலிருந்து வந்த பெயர். கட்டுமரம் தள்ளிய கைகள் பைபர் படகு தள்ளும் காலம் வந்துவிட்டது. பக்கத்திலே மாடி மாடியாகப் பெசன்ட் நகர் எழுந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது. அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், எங்கிருந்து வந்தார், எதைத் தேடி வந்தார் என்று கேட்டால் பதில் சொல்வோர் சிலரே. எனவேதான் அவர் கதையை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1832-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பம் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தது. அது எப்படிப்பட்ட சபை என்று தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். யார் கரையேறுவார், யார் நரகிலே வீழ்வார் என்பதை உலகம் தோன்றுமுன்பே ஆண்டவன் முடிவு கட்டிவிட்டான் என்று போதித்த சபை அது. ஞாயிறு என்றால் விளையாட்டு கூடாது, வேடிக்கை கூடாது. 107 வினாக்களும் விடைகளும் கொண்ட ஒரு சிறு நூல் அந்தச் சபைக்கு உண்டு. கடவுள் யார், பாவம் எது, மனிதன் பிறந்தது எதற்கு என்று கேள்வியும் அச்சிட்டிருக்கும், பதிலும் அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். அச்சிடாத கேள்வியைக் கேட்பது அடக்கமின்மை. நம் ஊரிலே தலையெழுத்து என்பார்கள். அங்கே அதற்குத் தர்க்க சாத்திரம் எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வேறுபாடு!

1851-இல் தந்தையின் வாணிபம் நொடித்தது. கல்லூரிப் படிப்பு பாதியிலே நின்றது. இளைஞர் ஒல்காட் ஒகையோ மாநிலத்துக்குப் போய் ஏர் பிடித்தார். வீட்டையும் சபையையும் விட்டுத் தொலைவிலே, உறவினர் நடுவிலே வாழ்ந்த அந்த நாட்களிலேதான் அவருடைய பழைய நம்பிக்கையின் பிடி தளர்ந்தது. தளர்ந்த இடத்திலே பகுத்தறிவா வந்து அமர்ந்தது? அதுதான் இல்லை! ஆவிகள் வந்து அமர்ந்தன.

1848-இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாக்ஸ் என்ற குடும்பத்துப் பெண்கள், இறந்தவர்கள் தட்டித் தட்டித் தம்மோடு பேசுவதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தி அமெரிக்கா எங்கும் காட்டுத் தீயாய்ப் பரவியது. படித்தவரும் நம்பினார்கள், பணக்காரரும் நம்பினார்கள். ஒல்காட்டும் நம்பினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1888-இல், அந்தச் சகோதரியருள் ஒருவரே மேடையேறி, அது கால்விரல் மூட்டைச் சொடுக்கி எழுப்பிய ஓசை என்று ஒப்புக்கொண்டதும், பிறகு அந்த ஒப்புதலையே திரும்பப் பெற்றுக்கொண்டதும் தனிக் கதை. கோயிலை விட்டு வெளியே வந்தவன் தெருவிலே நிற்க அஞ்சி அடுத்த வாசலில் நுழைந்துவிடுகிறான். இதை நாம் ஏளனத்துக்காகச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து தலைமேலே ஒரு கூரை இருந்து, அது திடீரென்று இல்லாமற்போனால் எவருக்கும் குளிரத்தான் செய்யும்.

ஆனால் அவர் வெறும் கனவு காண்பவராக இருந்தாரா? இல்லை. வேளாண்மை ஆராய்ச்சியிலே பெயர் எடுத்தார். சீனத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரிய சருக்கரைச் சோளப் பயிர்கள் பற்றி நூல் எழுதினார். நியூயார்க் டிரிபியூன் ஏட்டிலே வேளாண்மைச் செய்தியாளர் ஆனார். அந்த நாட்களிலே நடந்த ஒன்றை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1859 டிசம்பர் 2. வர்ஜீனியாவிலே ஜான் பிரவுனைத் தூக்கிலிட்ட நாள். கருப்பின மக்களை விலைக்கு வாங்கி, விலைக்கு விற்ற அடிமை முறையை ஆயுதம் ஏந்தி எதிர்த்த வெள்ளைக்கிழவர் அவர். வடநாட்டுச் செய்தியாளன் எவனும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. அடிமை எதிர்ப்பு ஏடாகிய டிரிபியூனின் ஆள் என்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஒல்காட் தம்மை மறைத்துக்கொண்டு, காவலுக்கு வந்த போர்வீரர் கூட்டத்தோடு கூட்டமாய்க் கலந்து நின்று, அந்தக் கொலைமரக் காட்சியைக் கண்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 27. அடிமைக்காக ஒருவன் கழுத்தைக் கொடுத்ததை நேரிலே பார்த்த கண்கள் அவை. அதே கண்கள் 35 ஆண்டு கழித்து ஊரூரைப் பார்த்தன. ஒன்றால் மற்றொன்று நேர்ந்தது என்று அடித்துச் சொல்ல நாம் சோதிடர் அல்லர். இரண்டையும் பக்கத்திலே வைத்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

உள்நாட்டுப் போர் மூண்டது. படையிலே சேர்ந்தார். போரின் பெயரால் அரசாங்கப் பணத்தைக் கொள்ளையடித்த ஒப்பந்தக்காரர்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டித் திருடர்களைப் பிடித்தார். கர்னல் என்ற பட்டம் அப்போது கிடைத்ததுதான். 1865-இல் லிங்கன் சுடப்பட்டபோது அந்தக் கொலைச் சதியை விசாரித்தவர்களிலும் இவர் ஒருவர். பிறகு வழக்கறிஞரானார். பொய்க் கணக்கைப் பிடிக்கும் புலமை பெற்றவர்!

இப்படிப்பட்டவர் 1874-இல் வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றிலே ஆவிகள் நடமாடுவதை ஆராய்ந்து ஏடுகளுக்கு எழுதப் போனார். அங்கேதான் அக்டோபர் திங்களிலே உருசிய நாட்டு அம்மையார் பிளாவட்ஸ்கியைச் சந்தித்தார். மறு ஆண்டு, 1875 நவம்பர் 17-இல், நியூயார்க்கிலே தியாசபிகல் சொசைட்டி தொடங்கப்பட்டது. பிரம்ம ஞான சபை என்று நம்மவர் அழைத்தது அதைத்தான். ஒல்காட் தலைவர். இதற்கிடையே அவருடைய மணவாழ்வு முறிந்திருந்தது. 1878 டிசம்பரிலே, இரு மகன்களை அமெரிக்காவிலே விட்டுவிட்டு, அம்மையாரோடு கப்பலேறினார். மெய்ப்பொருள் தேடிப் புறப்படுகிறவர்கள் வீட்டை விட்டுப் போவது கபிலவத்து காலத்திலிருந்து நடப்பதுதான். வீட்டிலே இருந்தவர்களின் கதையை எழுதுவோர்தாம் குறைவு.

1879-இல் பம்பாய். 1880 மே திங்களிலே இலங்கை. காலி நகரத்து விகாரையிலே மே 25-ஆம் நாள், மக்கள் வெள்ளம் சூழ, இருவரும் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தர் ஆனார்கள். ஆளும் இனத்தைப் போன்ற தோற்றமுடைய ஒரு வெள்ளையர், ஆளப்படுவோரின் நெறிதான் உயர்ந்தது என்று மண்டியிட்டால் எப்படி இருந்திருக்கும்! பாதிரிமாரின் பள்ளிகளே எங்கும் நிறைந்திருந்த நாளிலே, பௌத்தப் பள்ளிகள் எழ அவர் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். 1883-இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. நியாயம் கேட்டு 1884-இல் இலண்டன் சென்றார். 1885-இல் வைசாக நாள் அரசு விடுமுறையாயிற்று. அதே ஆண்டு பறந்த பௌத்தக் கொடியைத் திருத்தி அமைத்ததிலும் அவர் கை உண்டு. கொழும்புக் கோட்டை இரயில் நிலையத்துக்கு எதிரே அவருக்குச் சிலை நிற்பது சும்மா அல்ல.

1881-இல் அவர் சிங்களப் பிள்ளைகளுக்காக ஒரு நூல் எழுதினார். பௌத்த வினாவிடை. இருபதுக்கு மேற்பட்ட மொழிகளிலே பரவிய நூல். புத்தர் யார், அவர் போதித்தது எது என்று கேள்வியும் அச்சிட்டிருக்கும், பதிலும் அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் அதைப் படித்து ஒப்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளும் நடந்தன.

தோழர்களுக்கு முன்பு எங்கோ கேட்டது போல இருக்கிறதல்லவா? ஐந்து வயதிலே புகட்டியதை ஐம்பது வயதிலும் உதற முடியவில்லை. எந்தக் கூட்டிலிருந்து பறந்தாரோ, அந்தக் கூட்டின் அளவையே நெஞ்சிலே கொண்டுவந்து கீழ்த்திசையிலே மறு கூடு கட்டினார். சடங்கு வேண்டாம், சாமியாட்டம் வேண்டாம், தூய நூல் போதும் என்று அவர் கேட்ட பௌத்தம், பாதி புத்தருடையது, பாதி அவர் தந்தையின் சபையுடையது. சிங்களப் பிக்குகள் அதைப் பிற்காலத்திலே உணர்ந்தார்கள். கண்டியிலே வைத்து வணங்கப்படும் புனிதப் பல்லைப் பற்றி அவர் ஐயம் கொண்டு பேசினார் என்று 1905 வாக்கில் சினம் எழுந்தது. அவர் நூலுக்கு முன்பு சான்றளித்த சுமங்கலத் தேரரே மனம் கசந்தார். பிறருடைய பல்லிலே ஐயம் வந்தது நல்லதுதான். தம்முடைய தலைப்பாகையிலே வரவில்லையே!

அது என்ன தலைப்பாகை? நியூயார்க்கில் இருந்தபோது, கதவு திறக்காமலே ஒரு மகாத்மா தம் அறைக்குள் தோன்றினார் என்றும், அடையாளமாகத் தலைப்பாகையை விட்டுச் சென்றார் என்றும் ஒல்காட்டே எழுதி வைத்திருக்கிறார். அந்தத் துணியைப் போற்றிப் பாதுகாத்தார். படைக் கணக்கிலே பொய் கண்டுபிடித்த கர்னலுக்கு ஒரு முழத் துணி சாட்சியாகப் போதுமானதாயிருந்தது. 1882 டிசம்பரிலே சபையின் தலைமையகம் அடையாற்றுத் தோட்டத்துக்கு வந்தது. அங்கே அலமாரியிலே மகாத்மாக்களின் கடிதங்கள் வந்து விழுந்தன. அது ஏமாற்று என்று 1884-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் எழுதியது. இலண்டனிலிருந்து வந்து ஆராய்ந்தவரின் 1885-ஆம் ஆண்டு அறிக்கையும் அப்படியே முடிந்தது. அம்மையார் இந்தியாவை விட்டுப் போனார். ஒல்காட் இருந்தார். நம்பிக்கையையும் விடவில்லை, தோட்டத்தையும் விடவில்லை.

அந்தத் தோட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது? ஊரூர் இருந்தது. சேரி இருந்தது. அந்நாளிலே பஞ்சமர் என்று எழுதப்பட்ட மக்கள் இருந்தார்கள். இமயத்துக்கு அப்பாலிருந்து மகாத்மாவை எதிர்பார்த்த அதே ஆண்டுகளில், வேலிக்கு அப்பால் பிள்ளைகள் எழுத்தறியாமல் வளர்ந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்தாவது பார்த்தாரே! 1894-இல் ஊரூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு நகரின் வேறு பகுதிகளிலும் அப்படிப் பள்ளிகள் வந்தன. அவற்றுள் மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது.

அந்தப் பள்ளிகளிலே தமிழ் கற்பித்தார்கள், கணக்கு கற்பித்தார்கள், கொஞ்சம் ஆங்கிலமும் சமையலும் கற்பித்தார்கள். சமையல் எதற்கு? வெள்ளையர் வீட்டிலே வேலைக்குப் போகத்தான். நமக்கு இது கசக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையின் எல்லை துரை வீட்டு அடுப்படியோடு முடிந்துவிடுமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் வேறொன்றையும் பார்க்க வேண்டும். இலங்கைப் பிள்ளைகளுக்கு வினாவிடை எழுதிய கைகள் ஊரூர்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றை எழுதவில்லை. தம் சபைக்கு ஆள் பிடிக்கும் வலையாக அந்தப் பள்ளிகளை அவர் ஆக்கவில்லை. அன்றைக்குச் சேரிக்குள்ளே நுழைந்தவர்களில் எத்தனை பேரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்? பெருங்கேள்விகளுக்கு அச்சடித்த விடை தேடி அலைந்தவர், பிள்ளைக்கு எழுத்து தெரிய வேண்டும் என்ற சிறு கேள்வியிலே மட்டும் தடுமாறாமல் நின்றார்.

1898-இல் அவரை நாடி அயோத்திதாசப் பண்டிதர் வந்தார். அவரும் பழைய வீட்டை விட்டு வந்தவரே. நீலகிரியிலே அத்வைத சபை நடத்தியவர். 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்திலே, எம் மக்களுக்குக் கோயில் திறக்குமா என்று கேட்டு, அவமதிப்பையே விடையாகப் பெற்றவர். அமெரிக்கர் வெளியேறியது சிந்தனையின் உறுத்தலால். பண்டிதரோ வாசலிலேயே நிறுத்தப்பட்டவர். உள்ளே நுழைய விடாத வீட்டை விட்டு வெளியேறுவது எப்படி என்பதே அவருக்கு இருந்த சிக்கல். அதற்கு அவர் கண்ட வழி, நம் முன்னோர் பூர்வ பௌத்தரே, இழந்ததை மீட்கிறோம் என்பது. ஒல்காட் அவரையும் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். சுமங்கலத் தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார்கள். அதே ஆண்டு இராயப்பேட்டையிலே சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. பாலம் போட்டது ஒல்காட்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலத்தைக் கடந்து போய் என்ன செய்வது என்பதைப் பண்டிதர் எவரிடமும் கேட்கவில்லை. ஆவியும் மகாத்மாவும் அவருக்குத் தேவைப்படவில்லை. மண்ணும் மானமும் தேவைப்பட்டன.

1906-இல் கப்பல் பயணத்திலே ஒல்காட் படியில் தவறி விழுந்தார். அடையாறு திரும்பிப் படுக்கையில் கிடந்தார். அப்போதும் மகாத்மாக்கள் வந்து, அடுத்த தலைவராக அன்னி பெசன்ட் அம்மையாரைச் சொன்னார்கள் என்று அறிவிக்கப்பட்டது. கடைசி மூச்சு வரையிலே அந்தத் துணை அவருக்கு வேண்டியிருந்தது போலும். 1907 பிப்ரவரி 17-ஆம் நாள் மறைந்தார். அமெரிக்கக் கொடியையும் பௌத்தக் கொடியையும் உடலின்மேல் போர்த்தி, அந்தத் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். பல மதத்தவர் வந்து அவரவர் முறையிலே விடை கொடுத்தார்கள்.

நான்கு திங்கள் கழித்து, ஜூன் 19-ஆம் நாள், அயோத்திதாசரின் ஒரு பைசாத் தமிழன் முதல் இதழ் சென்னையிலே வெளிவந்தது. ஊரூர்ப் பள்ளி ஒல்காட் பெயரிலே தொடர்ந்து நடந்து, ஓலைக்கொட்டகை நாளைத் தாண்டி, மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.