முதல் படைப்பிரிவின் முதல் இந்தியத் தலைவர்

படப்பைக்குச் சில மைல் தூரத்தில் தாம்பரம் விமானப்படை நிலையம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி நடக்கிறது.

விமானப்படையில் சேரும் இளைஞர் முதலில் சிறிய விமானத்தில் பழகுகிறார். பிறகு அவருக்குப் போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்று முடிவாகிறது. அவருடைய விருப்பத்தைக் கேட்பார்கள். ஆனால் மதிப்பெண்ணையும், ஆசிரியரின் மதிப்பீட்டையும், படையின் தேவையையும் பார்த்து மேலதிகாரிகளே முடிவு செய்வார்கள். எந்தப் படைப்பிரிவு என்பதும் அப்படித்தான்.

இந்தியாவின் முதல் விமானிகளுக்கு அந்த அளவுக்குக் கூட வாய்ப்பு இல்லை. அவர்களில் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி.

ஆறு பேர் போனார்கள்

முகர்ஜி 1911-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அப்போது இந்தியாவை ஆண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். இந்தியருக்கு விமானப்படை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1930-ல் 6 இந்திய இளைஞர்கள் இங்கிலாந்தில் உள்ள கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள். முகர்ஜியும் போனார்.

இரண்டு ஆண்டு படிப்பு. ஐந்து பேர் விமானி ஆனார்கள். ஒருவரால் விமானி ஆக முடியவில்லை. அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. தளவாடங்களைக் கவனிக்கும் அதிகாரி ஆக்கினார்கள். 1932 அக்டோபர் 8-ந் தேதி இந்திய விமானப்படை பிறந்தது.

நான்கே விமானங்கள்

1933 ஏப்ரல் 1-ந் தேதி கராச்சியில் முதல் படைப்பிரிவு தொடங்கியது. இந்திய விமானிகளுக்கு இருந்தது அந்த ஒரே படைப்பிரிவுதான். அதில் நான்கு வாப்பிட்டி விமானங்கள் இருந்தன. இரட்டை இறக்கை கொண்டவை, வேகம் குறைந்தவை. மேலிருந்து வேவு பார்த்து, தரையில் உள்ள ராணுவத்துக்கு உதவுவதே அவற்றின் வேலை. தலைவர் ஓர் ஆங்கிலேயர்.

தொடங்கிய ஆண்டிலேயே சோகம் நேர்ந்தது. ஐந்து விமானிகளில் இருவர் விமான விபத்தில் மாண்டார்கள். முகர்ஜி மனம் தளரவில்லை. வடமேற்கு எல்லையின் மலைகளுக்கு மேலே பறந்து தொழிலைக் கற்றார்.

1939 மார்ச் 16-ந் தேதி அதே படைப்பிரிவுக்கு அவர் தலைவர் ஆனார். ஒரு விமானப் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1943-ல் கோஹாட் விமான நிலையத்தின் அதிகாரியாகவும் உயர்ந்தார்.

தளபதி ஆனார்

நாடு விடுதலை அடைந்த பிறகும் சில ஆண்டுகள் ஆங்கிலேயரே விமானப்படைத் தளபதியாக இருந்தார்கள். 1954 ஏப்ரல் 1-ந் தேதி முகர்ஜி அந்தப் பதவியை ஏற்றார். அதே 1954-ல்தான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தாம்பரத்துக்கு வந்தது. கான்பரா, ஹண்டர், நாட் ஆகிய ஜெட் விமானங்கள் அவர் காலத்தில் படையில் சேர்ந்தன. ஜெட் விமானம் ஓட்ட நிறைய விமானிகள் தேவை. அவர்களைப் பழக்க நல்ல ஆசிரியர்கள் தேவை.

1960 நவம்பர் 8-ந் தேதி ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில் சாப்பிடும்போது உணவு மூச்சுக்குழாயில் சிக்கியது. முகர்ஜி இறந்துபோனார். வயது 49.

பள்ளி மாணவர்களுக்கான சுப்ரதோ கோப்பை கால்பந்துப் போட்டி இன்றும் அவர் பெயரால் நடக்கிறது.

முகர்ஜிக்குக் கிடைத்தது வேகமான போர் விமானம் அல்ல. கிடைத்த மெதுவான விமானத்தில் தொழிலைத் திருத்தமாகக் கற்றார். நான்கு விமானங்களோடு தொடங்கிய படை, அவர் தலைமையில் ஜெட் படையாக வளர்ந்தது.