தறியிலிருந்து வந்த மூட்டு

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவருக்குக் கை எவ்வளவு முக்கியமோ, கணுக்காலும் அவ்வளவு முக்கியம். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுவதும் மிதியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். அந்தக் கணுக்கால் மூட்டு தேய்ந்து போனால்? வரதராஜப் பெருமாள் சந்நிதிக்குப் போகும் 24 படிகளும் மலையாகிவிடும்!

தேய்ந்த கணுக்காலுக்கு இப்போது உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன புது மூட்டு வைக்கிறார்கள். வைத்துக் கொள்ளலாமா? ஆபத்து உண்டா?

இதற்கு விடை தேடினால் ஒரு டாக்டரின் கதையில் போய் நிற்கும். அவர் பெயர் ஜான் சார்ன்லி. செயற்கை இடுப்பு மூட்டால் உலகப் புகழ் பெற்றவர். அந்த மூட்டுக்கும் நெசவுத் தறிக்கும் ஓர் உறவு உண்டு!

மருந்துக்கடைக்காரர் மகன்

இங்கிலாந்தில் பருத்தி ஆலைகள் நிறைந்த லங்காஷயரில், பரி என்ற ஊரில், 1911 ஆகஸ்டு 29-ந் தேதி சார்ன்லி பிறந்தார். தந்தை மருந்துக்கடை நடத்தினார். தாய் நர்ஸ். மகன் மான்செஸ்டரில் டாக்டருக்குப் படித்தார். ஆனால் அவருக்குக் கடைசல் இயந்திரத்தின் மீதும் ஆசை. வீட்டிலேயே பட்டறை வைத்திருந்தார்.

பிடிவாதக்காரர். எலும்பு எப்படி வளர்கிறது என்று அறிவதற்காகத் தன் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பையே வெட்டி ஒட்டச் சொன்னார். அது சீழ் பிடித்தது. மீண்டும் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று!

1951-ல் அவர் கணுக்காலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூட்டின் தேய்ந்த பரப்பைச் சீவிவிட வேண்டும். மேலும் கீழும் எலும்பில் கம்பி செருகி, இரண்டையும் நெருக்கி இறுக்க வேண்டும். எலும்புகள் ஒட்டி ஒன்றாகிவிடும். வலி போய்விடும். ஆனால் அந்த இடம் பிறகு மடங்காது.

கிறீச், கிறீச்!

அந்தக் காலத்தில் சிலருக்கு வேறு வகைச் செயற்கை இடுப்பு வைத்திருந்தார்கள். ஒருவர் குனிந்தால் போதும், அவர் இடுப்பு கிறீச்சிடும். மனைவியே அருகில் வரத் தயங்கினாராம்! உராய்வுதான் காரணம் என்று சார்ன்லி கண்டார்.

உலோகக் குமிழை வழுக்கும் டெப்லான் கிண்ணத்தில் பொருத்தினார். 1958 முதல் சுமார் 300 பேருக்கு வைத்தார். ஊன்றுகோலை வீசிவிட்டு நடந்தார்கள். பாராட்டு குவிந்தது.

மூன்று, நான்கு ஆண்டுகள்தான். டெப்லான் தேய்ந்தது. அதன் தூள் சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்கியது. வலி திரும்பியது. சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. மூட்டுகளைத் தாமே மறுபடி கழற்றினார். டெப்லான் தூளைத் தன் தொடையில் ஊசியால் செலுத்திப் பார்த்தார். கட்டி கிளம்பியது!

1962-ல் ஒரு விற்பனையாளர் பட்டறைக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்தார். லங்காஷயர் தறி இயந்திரங்களில் பயன்பட்ட கெட்டியான பாலிஎதிலீன் அது. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன் விடவில்லை. முதலாளி வெளியூர் போயிருந்தபோது தேய்ப்புப் பொறியில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரத்தில் தேய்ந்தது, டெப்லான் ஒரே நாளில் தேய்வதைவிடக் குறைவு! அந்த ஆண்டு நவம்பரிலேயே முதல் நோயாளிக்கு அது வைக்கப்பட்டது. இன்றைய கணுக்கால் மூட்டின் நடுவில் இருப்பதும் பாலிஎதிலீன்தான்.

சார்ன்லி 1977-ல் சர் பட்டம் பெற்றார். 1982 ஆகஸ்டு 5-ந் தேதி காலமானார்.

கணுக்கால் மட்டும் ஏன் சண்டித்தனம்?

இடுப்பில் ஜெயித்ததைக் கண்டு மற்றவர்கள் கணுக்காலுக்கு வந்தார்கள். 1970-ல் பிரான்சில் இரு டாக்டர்கள், இடுப்பு மூட்டைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற ஒன்றைக் கணுக்காலில் வைத்தார்கள். மொத்தம் 25. பத்து ஆண்டில் 12 கெட்டுப்போயின. திருப்தியாக இருந்தவை 7 மட்டுமே. பழையபடி எலும்பை ஒட்டவைப்பதே மேல் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

கணுக்கால் சின்ன மூட்டு. நடக்கும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்கு சுமை அதில் விழும். மேலே தோலோ மெல்லியது. புண் ஆற நாளாகும். பெரும்பாலும் பழைய எலும்பு முறிவால் வரும் தேய்மானம் ஆனதால் நோயாளிக்கு வயதும் குறைவு. புது மூட்டு நெடுங்காலம் உழைத்தாக வேண்டும்!

1980-களுக்குப் பிறகு அமைப்பு மாறியது, பலனும் உயர்ந்தது. ஆயினும் இடுப்புக்கு ஈடாகவில்லை. பத்து ஆண்டுக்குப் பின் நூற்றுக்கு 95 இடுப்பு மூட்டுகள் நிலைக்கின்றன. கணுக்காலில் அது 70 முதல் 90 வரை. 2022-ல் பிரிட்டனில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மூட்டு வைத்தார்கள். மீதிப் பேருக்கு எலும்பை ஒட்டவைத்தார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே சுகம். மூட்டு வைத்தவர்களில் புண் ஆறாதவர்கள் இரு மடங்குக்கு மேல். மற்றவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு எலும்பு சரியாக ஒட்டவில்லை. ஒட்டினாலும், காலப்போக்கில் பக்கத்து மூட்டுகள் தேயக்கூடும்.

மிதி அழுத்துகிறவருக்குக் கால் மடங்குவது பெரிய காரியம்தான். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் புது மூட்டு ஆகாது. புகைபிடிப்பவருக்குப் புண் ஆறுவது கடினம். தரையில் குந்துவதற்குப் புது மூட்டும் முழுதாக மடங்காது. டாக்டரிடம் போகும்போது தறிக்குழியில் எப்படி உட்காருகிறீர்கள், எத்தனை மணி நேரம் மிதிக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மூட்டு கெட்டால் அடுத்தது என்ன செய்வார் என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.