எம்டன் தலைவர் முல்லர்

சூழ்ச்சியில் வல்லவனையும், எவருக்கும் பிடிகொடாமல் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்பவனையும் எம்டன் என்று அழைப்பது தமிழ் மக்களின் வழக்கம். நம் காலனி வீடுகளிலும் குறும்பு மிகுந்த பிள்ளைகளுக்கு இப்பெயர் கிடைப்பதுண்டு. ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர் நம் வீட்டுச் சொல்லாக மாறியது எவ்வாறு? அதற்குக் காரணமான கப்பலைப் பலரும் அறிவர். அக்கப்பலைச் செலுத்திய தலைவரை அறிந்தோர் சிலரே. அவரது வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

கார்ல் வான் முல்லர் 1873ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யத் தரைப்படையில் அதிகாரி. மைந்தரோ கடலை விரும்பி 1891இல் கடற்படையில் சேர்ந்தார். அதிகம் பேசாதவர், கூச்சம் மிக்கவர். ஆப்பிரிக்காவின் கீழைக் கரையில் பணியாற்றியபோது அவரைப் பற்றிய மலேரியாக் காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. செல்வாக்கைத் தேடி அலையாது கடமையையே கருதி உழைத்த அவருக்கு நாற்பதாம் வயதில், 1913இல், 'எம்டன்' கப்பலின் தலைமை கிடைத்தது.

எம்டன் பெரிய கப்பல் அன்று. ஏறக்குறைய 3,660 டன் எடை, பத்து பீரங்கிகள், முந்நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள். அதன் அழகிய தோற்றத்தைக் கண்டு அதனைக் கீழ்த்திசை அன்னம் என்று அழைத்தனர். சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகமே அதன் இருப்பிடம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. கீழ்த்திசைக் கடல்களில் இருந்த ஜெர்மானியக் கப்பல்கள் அட்மிரல் ஸ்பீயின் தலைமையில் பசிபிக் கடலிலுள்ள பாகன் தீவில் கூடின. அனைத்தும் ஒன்றாகத் தென்னமெரிக்கா நோக்கிச் செல்வதென முடிவாயிற்று. அப்பொழுது முல்லர் ஒரு யோசனையைப் பணிவுடன் முன்வைத்தார்: ஒரு கப்பலேனும் தனித்துப் பிரிந்து இந்துமாக்கடலில் புகுந்தால் பிரிட்டிஷ் வணிகத்தைக் கலக்கலாம் என்பதே அது. அட்மிரல் இசைந்தார், அப்பொறுப்பையும் அவரிடமே அளித்தார்.

தனித்துச் செல்லும் கப்பலுக்குப் பகைவனைக் காட்டிலும் கரியே பெருங்கவலை. நீராவி எஞ்சினுக்குக் கரி இல்லையேல் நடை இல்லை என்பதை ரயில்வேக் குடும்பங்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. இந்துமாக்கடலின் பெரிய துறைமுகங்களெல்லாம் பிரிட்டிஷாருடையவை. ஆகவே 'மார்க்கோமானியா' என்ற கரிக்கப்பல் ஒன்று எம்டனுடன் சென்றது. அதற்குப் பின்னர், பிடித்த கப்பல்களிலிருந்து எடுக்கும் கரியைக் கொண்டே காலத்தைக் கழிக்க வேண்டியிருந்தது. எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரிட்டிஷ் கப்பலான 'யார்மத்' போலத் தோன்றும்பொருட்டு, கித்தானால் நான்காவது புகைபோக்கி ஒன்றை அமைத்துக்கொண்டனர்.

செப்டம்பர் 10ஆம் நாள் முதல் வங்கக் கடலில் வேட்டை தொடங்கிற்று. 'இண்டஸ்', 'லோவாட்', 'கில்லின்', 'டிப்ளமாட்' எனக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. முல்லர் கடைப்பிடித்த முறை இதுவே: முதலில் நிற்குமாறு ஆணையிடுவார், மாலுமிகள் அனைவரையும் பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றுவார், அதன் பின்னரே கப்பலை மூழ்கடிப்பார். கூட்டம் பெருகியதும் பிடிபட்ட கப்பல்களுள் ஒன்றை விடுவித்து, அவர்களைக் கரைக்கு அனுப்பிவிடுவார். விடைபெற்ற பகை நாட்டு மாலுமிகளே அவரை வாழ்த்திச் சென்றனர்.

செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைக் கடலில் தோன்றியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே குறி. தேடுவிளக்கைப் பாய்ச்சி, சில நிமிடங்களில் 120க்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கரையிலிருந்து பீரங்கிகள் மறுமொழி கூறத் தொடங்குகையில், விளக்குகளை அணைத்துவிட்டு எம்டன் இருளில் மறைந்தது. மறுநாள் முதல் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டு வெளியேறலாயினர். ரயில் நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. உயர்நீதி மன்றத்தின் மதிலில் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டை இன்றும் காணலாம்.

இங்கே ஒரு செய்தியை மறவாது குறித்தல் வேண்டும். அன்றிரவு துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐவர் மாண்டனர். முல்லரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. மாண்டவர் பெயரை நம்முள் எவரும் அறியோம். எம்டன் என்று நாம் வேடிக்கையாகக் கூறும் சொல்லுக்குள் அவர்களது உயிரும் அடங்கியிருக்கிறது.

டாக்டர் செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்று பலர் நம்புகின்றனர். அவரது நாட்டுப்பற்றுக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆயினும் அக்காலத்தில் அவர் ஐரோப்பாவில் இருந்து இந்திய விடுதலைக்காக உழைத்து வந்தார் என்பதே வரலாறு காட்டும் உண்மை. அப்பெருமகனாரின் தொண்டு தன்னளவிலேயே பெரிது. அதற்குக் கற்பனை அணி வேண்டுவதில்லை.

சென்னைக்குப் பின் எம்டன் இலங்கையைச் சுற்றி மேலைக் கடலிற் புகுந்தது. 'பியூரெஸ்க்' என்ற கப்பல் நிறைய நல்ல கரியுடன் கையில் சிக்கியது. அக்டோபர் 9ஆம் நாள் தியாகோ கார்சியாத் தீவில் தங்கியபோது, போர் மூண்ட செய்தியையே அறியாத தீவினர் அவர்களை விருந்தினராக வரவேற்றனர். பழுதுபட்டிருந்த அவர்களது மோட்டார்ப் படகைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டு ஜெர்மானியர் புறப்பட்டனர். மினிக்காய் அருகே மேலும் பல கப்பல்கள் அகப்பட்டன. அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துள் துணிந்து நுழைந்து 'ஜெம்சூக்' என்ற ருஷ்யப் போர்க்கப்பலையும், வெளியேறும்போது 'மூஸ்கே' என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. மூஸ்கேயிலிருந்து நீரில் விழுந்து தத்தளித்தோரை நின்று காப்பாற்றிய பின்னரே முல்லர் அவ்விடம் விட்டு அகன்றார்.

இவற்றின் விளைவு யாது? கப்பல் போக்குவரத்து பல நாள் தடைப்பட்டது. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறிற்று. படைகளை ஏற்றிய கப்பல்கள் தனித்துச் செல்ல அஞ்சின. பல கப்பல்களைத் திரளாகச் சேர்த்து, போர்க்கப்பல்கள் காவலுடன் அனுப்பும் முறை இன்றியமையாததாயிற்று. நியூஸிலாந்துப் படை தக்க காவல் கிடைக்கும்வரை புறப்படாமல் காத்திருந்தது. அவ்வக்டோபரில்தான் நம் மைசூர் லான்சர் குதிரைப்படை பம்பாயில் கப்பலேறி எகிப்து சென்றது. அப்படையின் நினைவுத்தூண் பெங்களூர் ஜே.சி. நகரில் நிற்கிறது. பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் படையும், ரயில்வேக் கம்பெனிகள் இரண்டும் அம்மாதமே பம்பாயிலிருந்து காவலுடன் கீழை ஆப்பிரிக்கா சென்றன. கடலில் எங்கேனும் எம்டன் பதுங்கியிருக்குமோ என்ற அச்சம் அப்பயணங்களின் மேல் கவிந்திருந்தது. பிரிட்டிஷ், ஜப்பானிய, ருஷ்யக் கப்பல்கள் பல அதனைத் தேடி அலைந்தன. அக்டோபர் 12ஆம் நாள் உண்மையான 'யார்மத்' சுமத்ராவின் அருகே மார்க்கோமானியாவைக் கண்டு அழித்தது.

முடிவு நவம்பர் 9ஆம் நாள் வந்தது. கோகோஸ் தீவுகளில் இருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஐம்பது பேரைக் கரைக்கு அனுப்பினார். நிலையத்தினர் அதற்கு முன்பே, புதிய கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று கம்பியில்லாத் தந்தியில் அறிவித்துவிட்டனர். ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படையினர் ஏறக்குறைய முப்பதாயிரம் பேரை ஏற்றிய பெருந்திரள் ஒன்று, அவ்வேளையில் ஐம்பது மைல் தொலைவில் சென்றுகொண்டிருந்ததை முல்லர் அறியார். காவலுக்கு வந்த கப்பல்களுள் ஒன்றான 'ஸிட்னி' பிரிந்து விரைந்து வந்தது. கரையேறியவர்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் நேரமில்லை.

ஸிட்னியின் பீரங்கிகள் பெரியவை, விரைவும் மிகுதி. ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் நடந்த போரில் எம்டனின் புகைபோக்கிகள் சாய்ந்தன; பீரங்கிகள் ஓய்ந்தன. எஞ்சிய உயிர்களைக் காக்கக் கருதி முல்லர் கப்பலைப் பவளப் பாறைமேல் ஏற்றினார். அவரது மாலுமிகளுள் 130க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஸிட்னியில் மாண்டோர் நால்வர். காயம்பட்ட கைதிகளுடன் கொழும்பு சென்றபோது, வெற்றி ஆரவாரம் செய்யவேண்டாம் என்று ஸிட்னியின் தலைவர் கிளாசப் கேட்டுக்கொண்டார். பகைவரும் பண்பில் குறைந்தவரல்லர். கரையில் விடப்பட்ட ஐம்பதின்மரோ 'ஆயிஷா' என்ற பழைய பாய்க்கப்பலில் தப்பி, அரேபியா வழியாகத் துருக்கி சேர்ந்தனர்.

மூன்று மாதங்களில் முல்லர் மூழ்கடித்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் பதினாறு. எழுபதாயிரம் டன்னுக்கு மேல்.

கைதியான அவரை முதலில் மால்ட்டாவிலும், 1916 முதல் இங்கிலாந்திலும் வைத்தனர். 1917இல் சுரங்கம் தோண்டி இருபதுக்கு மேற்பட்ட அதிகாரிகளுடன் தப்பிச் சென்று மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918இல் ஹாலந்துக்கு அனுப்பப்பெற்றுப் பின்னர் தாயகம் சேர்ந்தார். ஜெர்மனியின் உயர்ந்த வீர விருதும் பதவி உயர்வும் வந்தன. அடுத்த ஆண்டே உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றார். 1920இல் மணம் புரிந்தார். புதல்வியர் இருவர் பிறந்தனர். பிரன்ஸ்விக் மாநிலச் சட்டசபையிலும் அங்கம் வகித்தார். 1923 மார்ச் 11ஆம் நாள், ஐம்பது வயது நிறையுமுன் மறைந்தார்.

அவரது வாழ்வில் நம் உள்ளத்தைத் தொடுவது போர்க்களச் செயல்களினும் பிற்கால மௌனமே. எம்டனின் கதையை எழுதுமாறு பலர் வேண்டினர். எழுதியிருப்பின் பெரும்பொருள் குவிந்திருக்கும். தோழர் சிந்திய இரத்தத்தைக் காசாக்கும் எண்ணம் தம்மை உறுத்தும் என்று கருதி அவர் மறுத்துவிட்டார். பிறர் தியாகத்தையும் தம் பெயரில் வரவு வைத்துக்கொள்வோர் மலிந்த உலகில் இஃது அரிய குணமன்றோ?

பகைவனிடத்தும் பண்பைக் காணுதல் தமிழர் மரபு. அதற்காகச் சென்னையில் மாண்டோரை மறத்தலும் தகாது. முல்லர் தம் மாலுமிகளின் உயிரை விலைபேச மறுத்தார். நாமும் அந்த ஐவரின் உயிரை வேடிக்கைச் சொல்லில் கரைத்துவிடலாகாது. இனி நம் பிள்ளைகளை எம்டன் என்று செல்லமாக அழைக்கும்போது, அப்பெயரின் பின்னுள்ள வரலாற்றையும் முழுமையாக அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.