பாராமகாலைத் தீட்டிய தாமஸ் டேனியல்

ஆற்றங்கரையில் மாடுகள் நிற்க, அப்பால் மலை நீலமாய் எழும் காட்சியை ஓவியத்தில் காணுங்கால் உள்ளம் அமைதி கொள்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டு ஆல்பர்ட் கைப் இவ்வகை ஓவியத்தில் பெரும்பெயர் பெற்றார். அத்தகைய அமைதியை நம் மலைநாட்டில் கண்டு வரைந்தவருள் ஒருவர் தாமஸ் டேனியல். அவர்தம் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

1749இல் இங்கிலாந்தில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த தாமஸ், இளமையில் குதிரை வண்டிகளில் குலச்சின்னம் தீட்டும் தொழில் பயின்றார். பின்னரே அரச கலைக்கழகத்தில் மாணவரானார். 1786இல், உடன்பிறந்தார் மகனாகிய இளைஞர் வில்லியமுடன் கல்கத்தா வந்து சேர்ந்தார். இருவரும் கங்கை வழியே இமயச்சாரல் வரை சென்றனர். ஆக்ராவின் தாஜ்மகாலையும் தில்லி ஜும்மா மசூதியின் வாயிலையும் வரைந்தனர்.

1792 மார்ச்சில் திப்பு சுல்தான் உடன்படிக்கையால் பாராமகாலை இழந்தார். மறுமாதமே டேனியல்கள் பல்லக்கும் சுமைமாடுகளுமாய்ச் சென்னையிலிருந்து புறப்பட்டுப் படை சென்ற வழியிலேயே வந்தனர். இராயக்கோட்டை, ஜகதேவி, அந்நாளில் மைசூரைச் சேர்ந்திருந்த ஓசூர் ஆகியன அவர்கள் தாளில் இடம்பெற்றன. கண்ணாடி வில்லை பொருத்திய இருட்பெட்டியில் விழும் நிழலுருவைப் பென்சிலால் தொடர்ந்து கோடிழுப்பது அவர்கள் முறை. மலையின் உயரம் விளங்கவே, முன்புறத்தில் மனிதரையும் மாடுகளையும் சிற்றுருவாய் அமைப்பது அக்கால ஓவியர் வழக்கம்.

இங்கு நாம் சற்று நிற்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1791இல், சீரங்கப்பட்டணத்திலிருந்து காரன்வாலிஸ் பின்வாங்கியபோது ஆயிரக்கணக்கான மாடுகள் பசியாலும் நோயாலும் மடிந்தன. இழுக்க மாடின்றிப் பெரும் பீரங்கிகளை அழித்துவிட்டே படை திரும்பியது. அவை எந்த உழவர் தொழுவத்து மாடுகளோ! ஓவியத்தின் அமைதி இதனைச் சொல்வதில்லை. கோட்டையின் கல்லையும் வானின் ஒளியையும் தீட்டிய கை தேர்ந்த கை என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அது வென்றவர் நிழலில் நடந்த கை.

1794இல் தாயகம் மீண்டபின், செப்புத் தகடுகளில் அமிலத்தால் செதுக்கி, 1795 முதல் 1808 வரை 144 படங்களை வெளியிட்டனர். நம் மலைக்கோட்டைகள் மூன்றாம் தொகுதியில் உள்ளன. நெடுங்கல் அணைவழித் தென்பெண்ணை நீரைப் பெறும் பாரூர் ஏரி அவற்றுள் இல்லை என்பது நமக்குச் சிறு ஏக்கமே. 1799இல் தாமஸ் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். மணம் புரியாத அவர் இந்தியாவுக்கு மீண்டும் வரவில்லை. ஆயினும் இந்நாட்டுக் காட்சிகளையே முதுமையிலும் தீட்டினார். வில்லியம் 1837இல் முந்தினார். மூன்றாண்டு கழித்து, 1840இல், தாமஸ் இலண்டனில் மறைந்தார்.