தங்கையின் நோய் எழுப்பிய ஆஸ்பத்திரி

ஆடி மாதம். கடைசி வெள்ளிக்கிழமை.

சாத்தூர் அருகே இருக்கன்குடியில் எள் போட்டால் எள் விழாது. அவ்வளவு கூட்டம்!

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி என்று சுற்று வட்டாரம் முழுவதும் அங்கே திரண்டு வரும். கண் நோய் தீர வேண்டும் என்று கண்மலர் செலுத்துவார்கள். பிள்ளை வரம் கேட்பார்கள். வீட்டில் நோயாளி எழுந்து நடமாடினால் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில், மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் ஒரு தாயும் நிற்கலாம். அவளுக்கு வலியைவிடப் பயமே பெரிது. டாக்டர் புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பேரைக் கேட்டாலே வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணம்.

இந்தப் பயத்தை எதிர்த்து 30 ஆண்டுகளுக்கு மேல் போராடிய ஒரு பெண்மணி உண்டு. அவர் பிறந்தது ஓர் ஆடி மாதத்தில். மறைந்ததும் ஓர் ஆடி மாதத்தில்தான்!

அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

திரைக்குப் பின்னால் படிப்பு

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்வியாளர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர்.

பெண் வயதுக்கு வந்தால் பள்ளியை விட்டு நிறுத்திவிடுகிற காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்துக் கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி. ஒரு பெண்ணைச் சேர்த்தால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது.

மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. பெண்ணைச் சேர்த்துக்கொள்ள அனுமதி தந்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், திரை மறைவில் அமர்ந்து பாடம் கேட்டார் அந்தப் பெண்.

1907-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பதக்கங்களும் பரிசுகளும் பெற்று, 1912-ம் ஆண்டு டாக்டராக வெளியே வந்தார்.

1914-ம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. கணவர் ஏற்றுக்கொண்டார். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தனர்.

டாக்டர் அக்காள், நோயாளித் தங்கை

குடும்பம் நன்றாக இருந்தது. தொழிலும் நன்றாக இருந்தது. அப்போதுதான் இடி விழுந்தது.

தங்கை சுந்தரம்மாளுக்கு மலக்குடலில் புற்றுநோய். அக்காள் டாக்டர். அக்காள் கணவரும் டாக்டர். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. 1923-ம் ஆண்டு சுந்தரம்மாள் காலமானார்.

எத்தனையோ தாய்மார்களின் பிரசவத்தைப் பார்த்த கைகள், கூடப் பிறந்தவளுக்கு உதவ முடியாமல் போயின. அந்தத் துயரம் அம்மையாரின் நெஞ்சில் ஆறாமல் நின்றது. இந்த நோய்க்கென்று தனியாக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

1925-ம் ஆண்டு மேல்படிப்புக்காக லண்டன் சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே நடந்துவந்த ஆஸ்பத்திரியைக் கண்டார். அங்கே முடிகிறது என்றால் நம் ஊரில் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார்.

சட்டசபையில் ஒரு பெண்

நாடு அவருக்கு வேறு வேலைகளும் வைத்திருந்தது. 1926-ம் ஆண்டு சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண் அவரே. அடுத்த ஆண்டு துணைத் தலைவராகவும் ஆனார்.

கோவில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். தேவதாசி முறையை அடியோடு தடுக்கும் சட்டம் 1947-ம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்தது. காந்தியடிகள் 1930-ம் ஆண்டு கைதானபோது, அதைக் கண்டித்துப் பதவியை உதறினார். அந்தக் காலத்தில் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மூவர் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் தங்கையை அவர் மறக்கவில்லை.

12 படுக்கைகள்

1935-ம் ஆண்டு, தான் படித்த மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய் ஆஸ்பத்திரியின் தேவையை எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

புற்றுநோய் வந்தவர் சாகப் போகிறவர்தானே, அவருக்கு ஆஸ்பத்திரி எதற்கு? இந்த நினைப்பு பாமர மக்களிடம் மட்டும் அல்ல, அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது.

அம்மையார் சளைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டினார். வீடு வீடாகக் கேட்டார். 1952-ம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார்.

1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் ஓடிவிட்டன. தங்கையை இழந்தபோது 37 வயதுகூட நிரம்பாதவராக இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரி திறந்தபோது அம்மையாருக்கு 67 வயது!

மாளிகை ஒன்றும் இல்லை. சிறிய கட்டிடம், 12 படுக்கைகள். அம்மையாரின் இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சை கற்று வந்து அங்கே பொறுப்பேற்றார். மறு ஆண்டு இளம் டாக்டர் சாந்தா, கையில் வந்த சர்க்கார் வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு அங்கே சேர்ந்தார். பிற்காலத்தில் மகசேசே விருதும் பத்ம விபூஷண் பட்டமும் பெற்ற அதே சாந்தாதான். 2021-ம் ஆண்டு மறையும்வரை அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடு.

1956-ம் ஆண்டு அம்மையாருக்குப் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி காலமானார்.

அவர் பார்க்காத ஒரு சின்னக் கருவி

அம்மையார் போன பிறகு வைத்தியம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அதற்கு ஒரு சின்ன உதாரணம் பாருங்கள்.

புற்றுநோய்க்கு ஊசி மருந்து மாதக்கணக்கில் ஏற்றவேண்டும். கையில் உள்ள ரத்தக் குழாய்கள் மெல்லியவை. நம் பேச்சில் நரம்பு என்கிறோமே, அதுதான். மருந்தின் வேகத்தில் அவை புண்ணாகி, கயிறு போல் இறுகிவிடும். பிறகு ஊசி போட நரம்பு கிடைக்காது. நர்சு ஐந்தாறு இடத்தில் குத்திப் பார்ப்பார். மருந்து வெளியே கசிந்தால் சதையே வெந்துவிடும். அடுத்த ஊசிக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் உண்டு.

இதற்கு ஒரு வழியை 1982-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்டார்கள். அதற்குப் போர்ட் என்று பெயர். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கீமோ போர்ட் என்பார்கள்.

அது நாணயம் அளவுள்ள ஒரு சின்னச் சிமிழ். காறை எலும்புக்குக் கீழே, மார்புத் தோலுக்கு அடியில் அதைப் புதைப்பார்கள். அதிலிருந்து பட்டாசுத் திரி போன்ற மெல்லிய குழாய் ஒன்று புறப்படும். கழுத்துப் பக்கம் உள்ள பெரிய ரத்தக் குழாய்க்குள் நுழைந்து, இருதயத்தின் வாசல்வரை போய் நிற்கும். அங்கே ரத்தம் வெள்ளமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்துவிடும். குழாய் புண்ணாகாது.

சிமிழின் மேல் மூடி ரப்பர் போன்றது. தனி வகை ஊசியைத் தோல் வழியாக அதில் குத்துவார்கள். ஊசியை எடுத்ததும் துளை தானாக மூடிக்கொள்ளும். ஆயிரம் தடவை குத்தினாலும் தாங்கும். ரத்தப் பரிசோதனைக்கும் அதிலேயே ரத்தம் எடுக்கலாம்.

பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் வைத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். புண் ஆறியபின் குளிக்கலாம், வீட்டு வேலை செய்யலாம். சேலைக்கும் சட்டைக்கும் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. சிகிச்சை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

ஆனால் கவனம் வேண்டும். உபயோகிக்காத நாட்களிலும், டாக்டர் சொல்லும் கணக்குப்படி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாயைக் கழுவிக்கொள்ளவேண்டும். மாதம் ஒரு முறை என்பது பல இடங்களில் வழக்கம். இல்லாவிட்டால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். குளிர் காய்ச்சல் வந்தாலோ, அந்த இடம் சிவந்து வீங்கினாலோ, கையோ கழுத்தோ வீங்கினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

எல்லோருக்கும் இந்தக் கருவி தேவைப்படாது. யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்வார். நெஞ்சில் மெஷின் வைக்கிறார்களாம், இனி பிழைக்க மாட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேசினால் நம்பாதீர்கள். அது சாவுக்கு அடையாளம் அல்ல. சிகிச்சையை முழுதாக முடிப்பதற்காக வைக்கும் துணை.

தாய்மார்களே!

அம்மையார் பிறந்த ஜூலை 30-ந் தேதியை மருத்துவமனை நாளாகத் தமிழக அரசு கொண்டாடுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு. விருதுநகரிலேயே 2022-ம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் போய்க் காட்டுவதற்கு அடையாறுவரை போகவேண்டியதில்லை.

கட்டி, ஆறாத புண், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, இவற்றை மறைக்காதீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் புற்றுநோய்கள் பல உண்டு.

சுந்தரம்மாளுக்கு அன்று அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்று நமக்கு இருக்கிறது.

இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள். அது உங்கள் நம்பிக்கை. வருகிற வழியில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். அடுத்த ஆடிக்கு நீங்களே வந்து பொங்கல் வைக்கவேண்டும் அல்லவா?