மூச்சுக்கு வழி திறந்தவர்

வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் தெருவில் வசிப்பவன் நான். எங்கள் பகுதிச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு இளைஞர் ஒருவர் அவற்றில் ஒன்றில் அடிபட்டார். தாடை நொறுங்கி வாயெல்லாம் இரத்தம். அவருடைய தந்தையோடு அவசரப் பிரிவின் வாயிலில் நின்றிருந்தேன். எலும்பைப் பிறகு பார்க்கலாம், முதலில் மூச்சுக்கு வழி வேண்டும் என்று சொல்லிவிட்டு இளம் மருத்துவர் உள்ளே விரைந்தார். அவர் பயன்படுத்திய கருவியின் பெயரைப் பின்னர் கேட்டறிந்தேன்: மெக்கின்டோஷ் லாரிங்கோஸ்கோப். அன்று தொடங்கி அப்பெயருக்குரியவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ராபர்ட் மெக்கின்டோஷ் 1897-இல் நியூசிலாந்தின் டிமாரு நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் விமானியாகச் சென்றவர், 1917-இல் பிரான்ஸில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பலமுறை தப்பிக்கவும் முயன்றார். பின்னர் லண்டனில் கய்ஸ் மருத்துவமனையில் பயின்று 1924-இல் மருத்துவரானார். மயக்க மருந்து கொடுப்பது அக்காலத்தில் அறுவை மருத்துவரின் நிழலில் நடந்த துணைவேலை. அதையே அவர் தம் துறையாகத் தேர்ந்தார்.

பொருளியல் ஆசிரியனான என்னைக் கவர்ந்தது அடுத்த அத்தியாயம். மோரிஸ் கார்களைத் தயாரித்த நஃபீல்ட் பிரபு, 1936-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறைக்குப் பெருங்கொடை அளிக்க முன்வந்தார். மெக்கின்டோஷின் கைத்திறனைத் தாமே நோயாளியாக இருந்து உணர்ந்திருந்த அவர், மயக்கவியலுக்கும் ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்றார். இது பல்கலைக்கழகத்துக்குரிய பாடமா என்று கல்வியாளர்கள் தயங்கினர். கொடையாளர் பிடிவாதமாக நின்றார். 1937-இல் ஐரோப்பாவின் முதல் மயக்கவியல் பேராசிரியரானார் மெக்கின்டோஷ். நம் ஊர் அம்பாசிடர் காரின் மூலவடிவம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதே நிறுவனத்தின் செல்வம்தான் இந்தத் துறைக்கும் வித்திட்டது.

அதே ஆண்டில் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்குச் சென்று, முகம் சிதைந்த வீரர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தார். குறைந்த வசதியிலும் பாதுகாப்பாக இயங்கும் எளிய கருவிகளே பெரும்பாலோரைக் காக்கும் என்ற தெளிவு அங்கே அவருக்குப் பிறந்தது. 1943-இல் அவர் வளைந்த லாரிங்கோஸ்கோப் தகட்டை வெளியிட்டார். அதுவரை பெரிதும் வழக்கிலிருந்த நேரான தகடு குரல்வளை மூடியையே நேரடியாகத் தூக்கியது. வளைந்த தகட்டின் நுனியோ நாவின் அடிக்கும் அம்மூடிக்கும் இடையிலான பள்ளத்தில் அமர்ந்து மேலே எழுப்ப, மூடி தானே விலகிக் குரல்நாண்கள் கண்ணுக்குத் தெரியும். அவற்றின் நடுவே மூச்சுக்குழாயைச் செலுத்தலாம்.

இரத்தமும் வீக்கமும் பார்வையை மறைத்தால்? 1949-இல் அதற்கும் ஒரு வழி சொன்னார். நீண்டு வளைந்து கொடுக்கும் மெல்லிய குச்சியான பூஜியை முதலில் நுழைத்து, அதன்மேல் மூச்சுக்குழாயை வழுக்கிவிடும் முறை அது. குச்சியின் நுனி மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்களில் தடதடவென உரசுவதை மருத்துவரின் விரல் உணரும். கண் கைவிட்ட இடத்தில் விரல் வழிகாட்டும். இன்றும் விலை குறைந்த இக்கருவி எத்தனையோ உயிர்களை மீட்கிறது. 1955-இல் சர் பட்டம் பெற்ற மெக்கின்டோஷ் 1989-இல், 91 வயதில், மறைந்தார்.

அவருடைய வாழ்க்கை எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் வேண்டிய பாடம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்தபோது பலர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அமோனியாவும் தீப்புண்ணும் தொண்டையை வீங்கச் செய்பவை. நேரம் கடக்கக் கடக்கக் குழாய் நுழைய இடம் குறுகும். பிராணவாயு இல்லாமல் சில நிமிடங்களே மூளை தாங்கும். ஒரே முறையைத் திரும்பத் திரும்ப முயன்று நேரத்தை இழக்கக் கூடாது. ஆகவேதான் அகில இந்தியக் கடினச் சுவாசவழிச் சங்கம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகள் முயற்சிகளுக்கு வரம்பு விதித்து, எல்லாம் தோற்றால் கழுத்தின் முன்புறம் திறந்து வழி செய்யச் சொல்கின்றன.

தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் ஓடுகிறது. வண்டி விரைந்து வந்து சேரும் இடத்தில் பூஜியும், அதைப் பழகிய கையும் இரவு இரண்டு மணிக்கும் இருக்கின்றனவா? கருவியின் விலை சொற்பம். பயிற்சியின் விலை தொடர்ச்சியானது. மூச்சு நின்ற பின் விலை பேசித் தேர்வு செய்யும் நிலையில் எந்த நுகர்வோரும் இல்லை. சந்தை தானே தந்துவிடாத இத்தகைய பொருளைத் தருவது அரசின் கடமை. ஆலைகளால் ஆதாயம் பெறுவோர் அச்செலவில் பங்கேற்பதும் நியாயம்.

எங்கள் தெரு இளைஞர் பிழைத்துக்கொண்டார். தாடையில் தழும்போடு காலையில் வேலைக்குப் போகிறார். அன்றிரவு பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் பணியில் இருந்தது அவருடைய நல்வாய்ப்பு. வடசென்னைத் தொழிலாளியின் உயிர் நல்வாய்ப்பை நம்பியிருக்கக் கூடாது.